செக்குபந்தியில் அப்பாவின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் குடும்ப வரலாறு தேடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைக்காரர்களுக்குப் பத்துத் தலைமுறை தெரிகிறது, நமக்கோ தாத்தாவின் அப்பா பெயரே தெரியவில்லை, நம்மவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை என்று கட்டுரையாளர் அங்கலாய்த்திருந்தார். தெரியவில்லை என்பது சரி. எழுதி வைக்கவில்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எழுதி வைத்ததைப் பார்த்துத் திரும்ப எழுதியே சம்பளம் வாங்கியவள் நான்.

பதிவுத் துறையில் 35 வருஷம் வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றேன். வடாற்காடு ஜில்லாவாக இருந்து, வேலூர் மாவட்டமாகி, 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம் ஆகியிருக்கும் பக்கத்தில்தான் சுற்றிச் சுற்றி வேலை. பழைய பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனு வந்தால், ஆவண அறையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கையால் எழுதிக் கொடுப்பது பல வருஷம் என் பொறுப்பு. அடுத்தவர் சொத்தை எழுதி எழுதி, மளிகைச் சீட்டில்கூட 'மேற்படி' போடுகிறேன் என்று என் மகள் கேலி செய்வாள்.

1994-ல் ஒரு வக்கீல் குமாஸ்தா 1889-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றுக்கு நகல் கேட்டு வந்தார். ஏரியை ஒட்டிய நஞ்சை, பங்காளி வழக்கு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் புத்தகத்தை நாங்கள் ஒன்றாம் புத்தகம் என்போம். அந்த வருஷத்து ஒன்றாம் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். பழைய புத்தகத்தை முகத்துக்கு நேராகத் திறக்கக் கூடாது, ஒரு தும்மலுக்குத் தாள் போய்விடும் என்பது எனக்கு மூத்த எழுத்தர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மசி பழுப்பாகி, அழுத்தி எழுதிய இடங்களில் காகிதத்தைத் தின்று ஓட்டை போட்டிருந்தது. வருஷம் ௲௮௱௮௰௯ என்று தமிழ் எண்ணில். அடுத்து விரோதி ௵ (வருஷம்) ஆனி ௴ (மாதம்). புள்ளி வைக்கும் வழக்கம் அப்போது இல்லை. துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன்.

விற்றவரும் வாங்கியவரும் ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்ற வழக்கமான வரியெல்லாம் கடந்து, நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்திக்கு வந்தேன். இன்னார் நஞ்சைக்கு மேற்கு. வாய்க்காலுக்குத் தெற்கு. அப்புறம், ஏரி நீர்க்கட்டி இன்னார் மானியத்துக்கு வடக்கு. அந்த 'இன்னார்' இருந்த இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பா பிறந்தது 1922.

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்ப வந்து பார்த்தாலும் அதே பெயர்தான். எங்கள் ஊர், எங்கள் ஏரி. ஊரில் எங்கள் வீட்டுக்கு மடைக்காரர் வீடு என்றுதான் பெயர். மடை திறக்கிற வேலை என் தாத்தாவோடு நின்றுவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நீர்க்கட்டி என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏரித் தண்ணீரை எந்த மடையில் எத்தனை நாழிகை விடுவது, யார் வயலுக்கு முதலில், கலங்கல் வழியும்போது கரையில் ராத்திரிக் காவல், இதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்குக் கூலியாகக் களத்தில் நெல் அளப்பார்கள், ஊருக்கு ஒரு துண்டு மானிய நிலமும் இருக்கும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சேரிக்காரர்கள்தான் இந்த வேலை செய்தார்கள். தண்ணீரைப் பங்கு வைக்கிறவருக்கு அந்தத் தண்ணீரில் சொந்த வயல் இல்லாவிட்டால்தான் நியாயமாகப் பங்கு வைப்பார் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்வார்கள். யார் கண்டுபிடித்த சமாதானமோ.

அப்பாவின் பெயர் எப்படி அங்கே போனது என்பதற்குப் பதில் சுலபம். பாட்டன் பெயரைத் தரிப்பதால்தான் பேரன். முனுசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனுசாமி, அவர் மகன் மறுபடி சின்னசாமி என்று கிணற்று வாளி மாதிரி இரண்டே பெயர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். (எங்கள் வீட்டுப் பெயர்கள் வேறு. கடிதத்தில் போடவில்லை, அந்தப் பெயரோடு ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.) ஆக, 1889-ல் எல்லையில் நின்றவர் அப்பாவின் தாத்தா, என் பூட்டன்.

சரி, பூட்டனின் அப்பா யார்? அப்பாவின் அம்மாவை, என் ஆயாவைக் கேட்டிருக்கலாம், சின்ன வயதில் கேட்டும் இருக்கிறேன். ஆயா தன் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில்கூட "அதான்யா, மலை மேல இருக்கிற சாமி" என்று ஜாடை காட்டித்தான் பெயர் சொல்வாள். தாத்தாவுக்கு வைத்தது அவருடைய தாத்தா, அதாவது பூட்டனுடைய அப்பாவின் பெயர். அதனால் அந்தப் பெரியவர் பெயரும் ஆயாவின் வாய்க்கு விலக்கு. இரண்டு தலைமுறை ஆண்களை ஒரே மௌனத்தில் மூடிவிட்டாள் மகராசி. அவள் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்று: "மூத்தவரு பஞ்சத்துல கப்பலேறிப் போயிட்டாரு. ஒரு கடுதாசி இல்ல." மூத்தவர் என்றால் பூட்டனின் அண்ணன்.

நகலை எழுதி முடித்து குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த நகல் எழுதினாலும் முதலில் செக்குபந்தியைப் படிப்பேன்.

ஏன் எல்லையில் மட்டும் எங்கள் ஆட்கள் வருகிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. சென்னை ராஜதானியில் பத்திரப் பதிவு 1865-ல் ஆரம்பம். அப்போதிலிருந்தே, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துக்குத்தான் பதிவு கட்டாயம். அதற்குக் கீழே போனால் விருப்பம் இருந்தால் பதியலாம். இருபது ரூபாய்க்கு ஒத்தி வைக்கிறவன் எதற்காகக் கட்டணம் கட்டி, நாள் கூலியை விட்டு, பதிவு ஆபீஸ் வரை நடக்கப் போகிறான்? பனையோலையிலோ காகிதத்திலோ எழுதி, கீறல் போட்டு, கடன் கொடுத்தவர் பெட்டியில் போட்டதோடு முடிந்தது. அதனால் 19-ஆம் நூற்றாண்டு ஒன்றாம் புத்தகத்தை எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று மட்டும் தேடினால் ஏழைக் குடும்பம் கண்ணில் படாது. பெரிய வீட்டுப் பத்திரத்தின் நான்கு எல்லையில்தான் அவர்கள் நிற்கிறார்கள். கட்டுரையாளர் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று சொன்னது இந்த இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சாதாரண ஆளாக உட்கார்ந்து தேடினேன். ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம் என்று பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் அட்டவணை ஆள் பெயரில் இருக்கும். இரண்டாம் அட்டவணை ஊர், நிலம் வாரியாக இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் வழி. எங்கள் ஏரிக்குக் கீழே உள்ள நிலங்களின் பத்திரங்களை வருஷ வாரியாக எடுத்து எல்லை எல்லையாகப் படித்தேன். பழைய பத்திரங்களில் சர்வே எண் இருக்காது, சர்வேக்கு முந்தைய பைமாஷ் எண்தான். எது எந்த நிலம் என்று பிடிக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. பதினோரு பத்திரத்தில் எங்கள் மானியம் எல்லையாக வந்தது. 1874-ல் ஒரு பெயர், தாத்தாவுடைய பெயர், ஆயா சொல்லாத பெயர். 1881-ல் அந்தப் பெயருக்குப் பின்னால் 'குமாரன்' சேர்த்துப் பூட்டனின் பெயர். 1889-ல் பூட்டன் மட்டும். பெரியவர் 1874-க்கும் 1881-க்கும் நடுவே காலமாகியிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அதைவிட்டால் வேறு சாவுப் பதிவு கிடையாது.

அந்த இடைவெளியில்தான் தாது வருஷப் பஞ்சம் வருகிறது. 1876-ல் மழை பொய்த்து 1878 வரை இழுத்த பஞ்சம். பக்கிங்காம் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டிய காலம். நிவாரண வேலையில் ஒரு நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று, அரசாங்கம் அனுப்பின பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது 1877-ல். ஏரியே வறண்டு கிடந்தால் மடைக்காரனுக்கு என்ன வேலை, களத்தில் எதை அளப்பார்கள்?

அடுத்து எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ல் ஆரம்பித்த இடம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஆராய்ச்சி மாணவர்கள், மீதிப் பேர் நில வழக்குக்கு இனாம் (மானிய நிலம்) பதிவேட்டு நகல் வாங்க வந்தவர்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு வக்கீல் ஐயா, "உங்களுக்கு என்னம்மா கேஸ்?" என்றார். "கேஸ் இல்லைங்க, தாத்தாவோட தாத்தா" என்றேன். "அதுவும் பார்ட்டிஷன்லதான் போய் நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் கட்டைப் பிரித்தார்.

இனாம் கமிஷன் 1858-ல் ஏற்பட்டது. ஊர் ஊராக யாருக்கு என்ன மானியம், யார் கொடுத்தது, எந்த ஊழியத்துக்காக, இப்போது யார் அனுபவிக்கிறார் என்றெல்லாம் விசாரித்து 1860-களில் பதிவேடு எழுதினார்கள். கோயில் மானியம், பிராமணருக்குக் கொடுத்தது போன்ற பெரிய இனாம்களோடு தச்சர், குயவர், வண்ணார், நீர்க்கட்டி ஆகியோரின் துண்டு நிலங்களும் அதில் உண்டு. இங்கிலீஷில் சாய்ந்த கையெழுத்து. எங்கள் ஊர்ப் பக்கத்தில், நீர்க்கட்டி ஊழியம் என்பதற்கு நேரே, அந்தப் பெயர் இருந்தது. பசலி 1272. வயது 42.

பசலி என்று பார்த்ததும் பயப்பட வேண்டாம், நிலவரிக் கணக்கு வருஷம்தான், 590-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும். ஜூலையில் தொடங்குவது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். 1272 என்றால் 1862. அப்போது 42 என்றால் பெரியவர் பிறந்தது 1820 வாக்கில். மன்றோ சென்னைக்கு கவர்னராக வந்த வருஷம் அது. வயது குத்துமதிப்புதான், எழுதினவர் ஆளைப் பார்த்துப் போட்டதாகக்கூட இருக்கலாம். என்றாலும் அந்த 42-ஐ நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அவருடைய வயதைக் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள்.

பசலியைவிட ஏமாற்றுவது தமிழ் வருஷம். வீட்டிலிருக்கும் பழைய ஓலையில் 'பவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1814-ஆ, 1874-ஆ, 1934-ஆ? அறுபது வருஷச் சுற்றில் தாத்தாவும் பேரனும் ஒரே பெயரோடு உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், இரண்டு ஆளை ஒரு ஆளாக்கிவிடுவோம். நானே ஒரு வருஷம் பூட்டனையும் அப்பாவையும் குழப்பி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு இடறல், வடாற்காட்டுக்கு 1911 வரை தலைநகர் சித்தூர். ஜில்லா கச்சேரியும் ஜில்லா கோர்ட்டும் அங்கே. தாத்தா காலத்து வழக்கைத் தேடி வேலூரில் அலைகிறவர்கள் ஆந்திரா பஸ்ஸையும் ஒருமுறை யோசிக்கலாம்.

குடிமதிப்பு 1871-லிருந்து எடுக்கிறார்களே, அதில் பார்க்கக் கூடாதா என்று என் மருமகன் கேட்டார். எண்ணிக்கையைக் கூட்டிப் புத்தகமாகப் போட்டார்கள். வீடு வீடாகப் பெயர் எழுதின தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் 1841-லிருந்து பெயரோடு இருக்கிறதாம். கட்டுரையாளரின் பொறாமையில் இந்த அளவுக்கு நானும் பங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு பத்திரத்திலும் இனாம் பதிவேட்டிலும் எங்கள் வீட்டுப் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. பெரிய வீட்டுப் பெண்கள் 'இன்னார் பெண்சாதி' என்று வருவார்கள். புருஷன் போன பிறகு விதவையாக, எதையாவது விற்கும்போது சொந்தப் பெயரோடு வருவார்கள். பூட்டி பெயரை நான் எங்கும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மைல் தள்ளி இருக்கும் சேரி, ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனில் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் பாட்டி, பூட்டி பெயரெல்லாம் வரிசையாகக் கிடைக்கிறது. நாங்கள் மாரியம்மனோடு நின்றுவிட்டோம்.

அப்புறம் கப்பல் ஏறிப்போன மூத்தவர். இதை நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது.

2016-ல் தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு ஆற்காடு வந்திருந்தார். அந்தப் பெயரில் வேறு தாலுகாக்களிலும் ஊர் உண்டு. ஏற்கெனவே ஒரு தப்பான ஊரில் மாலை மரியாதை எல்லாம் வாங்கிவிட்டு வந்திருந்தார், பாவம். "பழைய காகிதம் படிக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க" என்று யாரோ சொல்லி என் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தமிழ் தெரியாது. 'ஆயா' மட்டும் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கையில் ஒரு தாள். நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்தது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்து 1911 வரை 1,52,184 பேர் அப்படிப் போயிருக்கிறார்கள், அதில் பெரும்பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். இறங்கினதும் ஆளுக்கு ஒரு எண். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் பத்திரமாக இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதி வைத்த விவரம்தான். அதை வைத்துத்தான் இன்று கொள்ளுப்பேத்தி ஊரைக் கண்டுபிடிக்கிறாள்.

அந்தத் தாளில் 1878. வயது 25. தகப்பன் பெயரை இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். முனுசாமியை மூன்சாமி ஆக்கின ஆட்கள் அவர்கள், அந்தப் பெயரே இன்று அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், 1889 பத்திரத்தைப் படித்த மாதிரியே. இனாம் பதிவேட்டில் 42 வயதோடு இருந்தவரின் பெயர். தாலுகா ஆற்காடு. சாதி என்ற கட்டத்தில் இருந்த சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. பத்திரங்களிலும் அதே சொல்தான். இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

கணக்குப் பார்த்தேன். பெரியவருக்கு 1862-ல் 42 வயது என்றால், 1853-ல் 33 வயதில் மகன். பொருந்துகிறது. பஞ்சம் முடிகிற சமயத்தில் கப்பல். பொருந்துகிறது. அதே ஊரில் அதே பெயரில் இன்னொரு தகப்பன் இருந்திருக்கக் கூடாதா? இருந்திருக்கலாம். நூற்றுக்கு எண்பது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். இதைக் கொண்டுபோய் வாரிசுச் சான்று கேட்டால் தாசில்தார் சிரிப்பார்.

தாளில் கீழே அடுத்த எண்ணில் ஒரு பெண். வயது 20, தகப்பன் பெயர், செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமம், மனைவி என்று குறிப்பு. மூத்தவருக்குக் கல்யாணம் ஆனது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்கு வைத்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலேறும் முன் தங்க வைத்த டிப்போவில் கூடிச் சேர்ந்தவர்களும் உண்டு, சேர்த்து எழுதப்பட்டவர்களும் உண்டு. இவர்கள் எப்படியோ. ஆனால் பாருங்கள், எங்கள் குடும்பத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சொந்தப் பெயரோடு, தகப்பன் பெயரோடு, ஊரோடு எழுதப்பட்ட ஒரே பெண் அவள்தான். கூலிக்கு ஆள் என்பதால் அவளுக்கும் ஒரு எண். எண் கொடுத்ததால் பெயர் எழுதினார்கள். நான் அவள் பெயரை மூன்று விதமாக உச்சரித்துக் காட்டினேன். அந்த அம்மா மூன்றாவதைக் கேட்டுத் தலையாட்டினார். அவர் பாட்டி அப்படித்தான் சொல்வாராம்.

ஏரிக்குக் கூட்டிப்போனேன். பாதி ஏரி சீமைக்கருவேலம். மடையில் பழைய கல்தூண் இரண்டும் அப்படியே நிற்கின்றன, நடுவில் பொதுப்பணித் துறை இரும்புப் பலகை போட்டிருக்கிறது. திரும்புகிற வழியில் வாலாஜா ரோடு ஸ்டேஷனைக் காட்டினேன். ராயபுரத்திலிருந்து அங்கே ரயில் வந்தது 1856-ல், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். மூத்தவர் பட்டணத்துக்கு நடந்து போனாரா ரயிலில் போனாரா என்று அந்த அம்மா கேட்டார். கூட்டிப்போனவன் டிக்கெட் எடுத்திருந்தால் ரயில் என்றேன்.

இவ்வளவும் எழுதக் காரணம் வேறு. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றில் மழைக்கு ஒழுகும் மூலையில்தான் 1900-க்கு முந்தைய புத்தகங்கள் இருந்தன. எத்தனை முறை எழுதிப் போட்டோம் என்பதற்கு நானே சாட்சி. கடைசியில் தார்ப்பாய் வந்தது. ஸ்கேன் செய்யும் வேலை நடக்கும்போதும் சமீபத்திய வருஷங்களுக்குத்தான் முதலிடம். மனைக்கு வில்லங்கம் பார்க்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெரிய கூட்டுக்குடும்ப வழக்கோ, 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதின அறிக்கைக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமோ என்று வரும்போது பழைய பதிவேட்டைத்தான் தேடுகிறார்கள். அப்போது அது கையோடு உதிர்கிறது. புத்தகம் முழுவதையும் ஒரேயடியாக ஏற்ற முடியாவிட்டாலும், 1865-லிருந்து 1900 வரையிலான இரண்டு அட்டவணைகளையாவது முதலில் படம் எடுத்து வைக்கலாம். அவை அவ்வளவு கனமான தொகுதிகளும் இல்லை.

இன்னொன்று, ௵, ௴, ௳, ௸, ௹ (வருஷம், மாதம், நாள், மேற்படி, ரூபாய்) இவற்றைப் பார்த்துத் திகைக்காத ஆள் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? என்னோடு வேலை பார்த்த ஒரு கெட்டிக்காரப் பையன் ௸-ஐ மைக்கறை என்று நினைத்து நகலில் விட்டுவிட்டான். சொல்லிக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான். வாரம் இரண்டு மணி நேரம் வைத்தால் நாங்கள் நாலைந்து ஓய்வூதியக்காரர்கள் டீ செலவுக்குக்கூட எதிர்பார்க்காமல் வந்து சொல்லித்தருவோம்.

ஊர்க் கணக்கு எழுதின கர்ணம் வீடுகளையும் சொல்லியாக வேண்டும். 1980 நவம்பரில் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தபோது கணக்குகளை ஒப்படைத்தார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பரணில் இருந்த சொந்தக் குறிப்புகள், பழைய அடங்கல் நகல்கள், ஓலைக் கட்டுகள் பலவும் அங்கேயே தங்கிவிட்டன. எங்கள் பக்கத்து ஊரில் அப்படி ஒரு வீட்டை 2009-ல் இடித்தார்கள். செய்தி கேட்டு நான் போவதற்குள் மூட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கடைக்காரர் நல்ல மனுஷன்; "இன்னும் எடை போடலம்மா" என்று ஒரே ஒரு கட்டைத் தேடிக் கொடுத்தார். கிலோ எட்டு ரூபாய்க்கு ஒன்றரைக் கிலோ. எங்கள் ஊர்க் கணக்கு இல்லை, யாரோ ஒருவருடைய ஊர். ஊர்ப் பெயர் இருந்த மேல் தாளைச் செல் அரித்துவிட்டது. கறிவேப்பிலை, தென்னை, கிணறு என்று மரம் மட்டையெல்லாம் எண்ணி எழுதியிருக்கிறார் அந்தக் கர்ணம். நீர்க்கட்டி மானியம் 36 குழி என்று ஒரு வரி. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது எங்கேயாவது தேடிக்கொண்டிருக்கக்கூடும். நானும் அந்தக் கட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, வசம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆற்காடு, வாலாஜா, செய்யாறு பக்கம் யார் வீட்டிலாவது இந்த மாதிரிக் கட்டு இருந்தால், படிக்கத் தெரியவில்லை என்பதற்காக எடைக்குப் போட வேண்டாம். உங்கள் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போட்டால் எனக்கு அனுப்பி வைப்பீர்கள் என்று நம்புகிறேன். முட்டி வலி இருந்தாலும் பஸ் ஏறி வருவேன். படித்துச் சொல்லிவிட்டுக் கட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. வெளிச்சமான திண்ணை இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பதிவுத் துறையில் ஓய்வுபெற்ற ஒரு வாசகி,
ஆற்காடு.